பாடப்புத்தகத்தில் இல்லாத வாக்கியங்கள்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடிமேல் தாளை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். அம்மாவுக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி. அப்பா தூங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் குறட்டையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். மேற்பார்வையாளர் வேலையிலிருந்து இறக்கித் தொழிற்சாலை கேட்டில் காவலுக்கு உட்கார வைத்த பிறகு அவர் குறட்டைகூட விடுவதில்லை.

ஐயோ, அப்பாவைப் பற்றி எழுதிவிட்டேன். "அந்த மனுஷனைப் பத்தி ஒரு வார்த்தை எழுதினாலும் பதில் வராது" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது நீ சொன்னது நினைவிருக்கிறது. கோடு போட்டு அடித்தால் தெரியும், அதனால் அப்படியே விடுகிறேன். மேலே உள்ளதைப் படிக்காததாக வைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பள்ளியில் ஸ்பானிஷ் எடுத்திருக்கிறேன். புவியியல் எடுத்திருப்பதாக வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "அந்த பாஷை இந்த வாசல்படி தாண்டக் கூடாது. தாண்டினா பள்ளிக்கூடத்தையும் நிறுத்திடுவேன்" என்று சொன்னவர் வீட்டில் இருந்துகொண்டு ஏன் எடுத்தாய் என்று கேட்காதே. எடுத்துவிட்டேன். இப்போது இறந்த காலத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். போன வாரத் தேர்வில் பத்துக்கு இரண்டு.

நமக்கு ஒரு இறந்த காலம் போதும் என்று இருக்கும்போது அவர்களுக்கு எதற்கு இரண்டு? டீச்சரிடம் கேட்டால், "முடிஞ்சதுக்கு ஒண்ணு, முடியாம இருந்ததுக்கு ஒண்ணு" என்கிறார். இறந்த காலம் என்றாலே முடிந்ததுதானே! முடியாமல் இருந்தால் அது எப்படி இறந்தது?

வீட்டுப்பாட வாக்கியங்கள் ஐந்தைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த வினைக்கு எந்தக் காலம், ஏன் என்று சொல். அப்படியே வாக்கியத்தின் பொருளையும் எழுதிவிடு. பதிலைப் பள்ளிக்கு எதிரே இருக்கும் தையல் கடை முகவரிக்கு அனுப்பு. வீட்டுக்கு அனுப்பினால் என் கதை முடிந்தது.

உன்,
எலி


பிப்ரவரி 16

எலிக்கு,

எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம். எப்படி இருக்கிறாய், சாப்பிடுகிறாயா, தனியாக இருப்பது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி உண்டா? நேராக வினைச்சொல். நம் குடும்பத்துப் பிள்ளைதான், சந்தேகமில்லை.

முதலில் ஒன்று. தமிழுக்கு ஒரு இறந்த காலம் போதும் என்றாயே, யார் சொன்னது? "நேற்று மழை பெய்தது" என்கிறாய். "நான் வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது" என்கிறாய். "சின்ன வயதில் மழை பெய்தால் கப்பல் விடுவோம்" என்கிறாய். கப்பலை நாளைக்கா விடப்போகிறாய்? எதிர்கால உடுப்பைப் போட்டுக்கொண்டு அங்கே நிற்பது இறந்த காலம். பிறந்ததிலிருந்து தடுமாறாமல் பேசுகிறாய். ஸ்பானிஷில் மட்டும் தலைவலி வந்துவிடுகிறது.

ஒரு தடவை நடந்து, ஆரம்பமும் முடிவும் தெரிந்தது என்றால் ஒரு வடிவம். வழக்கமாக நடந்தது, அல்லது வேறொன்று நடக்கும்போது பின்னால் நடந்துகொண்டிருந்தது என்றால் இன்னொரு வடிவம். ஒருவர் ஒரு மூடியை ஒரு தடவை கழற்றினால் 'கித்தோ'. தினமும் கழற்றுவது வழக்கம் என்றால் 'கித்தாபா'. இதற்கு மேல் இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. மீதி பழக்கம்.

இப்போது உன் வீட்டுப்பாடம். எலி, நான் பதினோரு வருடமாக இந்த மொழியில் சோறு தின்கிறேன். "எந்த வினைக்கு எந்தக் காலம்" என்கிறாய், தேர்ந்தெடுக்கக் கோடிட்ட இடம் எங்கே? எல்லா வினையும் ஏற்கெனவே சரியாக இருக்கிறது. எழுத்துப் பிழைகள்கூட அந்த மொழியிலேயே வளர்ந்தவர் செய்யும் பிழைகள், உன்னைப் போல ஒருத்தி செய்யும் பிழைகள் இல்லை. பாடப்புத்தகத்தில் பெத்ரோ கடைக்குப் போவான், மரியா ஜன்னலைத் திறப்பாள். "நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, நீங்கள் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தீர்கள்" என்று எந்தப் புத்தகம் எழுதும்?

இது யாருடைய வாக்கியம்? சொன்னால்தான் அடுத்த கடிதம்.

அக்கா


பிப்ரவரி 21

அக்காவுக்கு,

தையல் கடைக்காரம்மா உன் கடிதத்தை அளவெடுக்கும் டேப்பால் கட்டி வைத்திருந்தார். "யாருடீ உனக்கு லெட்டர் போடுறது, மாப்பிள்ளையா?" என்று கடையில் இருந்த நாலு பேர் முன்னால் கேட்டார். அக்கா என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார். இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கி வந்தால், உள்ளே எனக்கு விசாரணை!

முதலில் உனக்குப் பொய் சொல்லி ஒரு பக்கம் எழுதினேன். எங்கள் டீச்சர் வித்தியாசமானவர், சொந்தமாக வாக்கியம் எழுதுவார் என்று. படித்துப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை. கிழித்துவிட்டேன்.

சரி, சொல்கிறேன். கோபப்படாதே, பதில் போடாமல் இருந்துவிடாதே.

மூன்று வாரத்துக்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஸ்பானிஷில், நான்கு பக்கம். அப்பாவின் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இரண்டு விரலைப் பறிகொடுத்தாரே, உயரக்காரர், அவரிடமிருந்து. உறையின் பின்னால் அவர் பெயர் இருந்தது. அப்பா அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார். "என்ன லெட்டர்ப்பா?" என்றேன். "கரண்ட் பில்" என்றார். மின்கட்டணச் சீட்டு நான்கு பக்கத்தில் கையெழுத்திலா வரும்?

அதை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார். எல்லோரும் படுத்த பிறகு எடுத்து விரித்து வைத்துக்கொண்டு பார்க்கிறார். ஒரு எழுத்தும் புரியாது, இருந்தும் பக்கம் புரட்டுகிறார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க இந்த வீட்டில் ஒருத்தி இருந்தாள், அவளைத்தான் துரத்திவிட்டாரே.

அவர் குளிக்கப் போகும்போது தினமும் ஐந்து வரி, ஆறு வரி பார்த்து எழுதினேன். தண்ணீர்ச் சத்தம் நின்றால் கூட்டை மூடிவிடுவேன். போன வியாழக்கிழமை சத்தம் நின்றது எனக்குக் கேட்கவில்லை. துண்டோடு வந்து நின்று, "என்ன தேடுற?" என்றார். "பேனாப்பா" என்றேன். ஆணியில் தொங்கிய தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு முழுவதும் அந்தப் பேனாவால்தான் எழுதினேன்.

எனக்குப் புரிந்தது நான்கே சொல்: விரல்கள், தினமும், கையெழுத்து, ஏப்ரல். வழக்கு போடப்போகிறாரா? அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா? ஏப்ரலில் என்ன? அம்மாவிடம் சொன்னால் அம்மா அப்பாவிடம் கேட்பார், அப்பா என்னிடம் கேட்பார், அதோடு பள்ளிக்கூடம் போயிற்று.

முழுக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். தமிழில் எழுதி அனுப்பு, அக்கா. உனக்கு அரை மணி நேர வேலை.

எலி


பிப்ரவரி 27

எலிக்கு,

மாட்டேன்.

இரண்டாம் வரியிலேயே கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அந்த விபத்து பற்றித் தொழிற்சாலையில் நடந்த விசாரணையில் நான்தான் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். அதில் சம்பந்தப்பட்ட இருவரில் ஒருவர் இன்னொருவருக்கு எழுதியதை நான் தொடக் கூடாது. வேலைக்குச் சேரும்போது உறுதிமொழி எடுத்திருக்கிறேன். நீயும் அடுத்தவர் கடிதத்தைத் திருடி நகல் எடுத்திருக்கிறாய். அதை யார் குளித்தாலும் செய்யக் கூடாது.

அன்றைக்கு நடந்தது உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்று விசாரணை நின்றபோது, "எம் பொண்ணு இருக்கா, கூப்பிடுங்க" என்று பெருமையாகச் சொன்னது யார்? அவர்தான். நான் வேண்டாம் என்றேன். அப்பாவும் மகளும் ஒரே அறையில் சரிவராது என்றேன். "பேசுறது நீயா, அவன்தானே?" என்று அவரே சொன்னார். இரண்டு பக்கமும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. யார் பேசுகிறாரோ அவராகவே பேச வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மனிதர் கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, எட்டு பேர் முன்னால் என் வாய் சொன்னது: "வேகமாக வேலை நடக்க வேண்டும் என்று தினமும் இவர் பிளேடுக்கு முன்னால் இருக்கும் தடுப்பைக் கழற்றி வைப்பார். ஆபத்து என்று நான் சொல்வேன். இவர் சிரிப்பார்." அப்பா அந்த மனிதரைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, "ஒரே ஒரு தடவைன்னு சொல்லிருந்தா உனக்கு என்னடீ குறைஞ்சு போயிருக்கும்? அவனுக்கு என்ன தெரியப் போகுது?" என்று கேட்டார். அவனுக்குத் தெரியாது என்பதற்காகவா நான் மாற்றிச் சொல்வேன்? அப்பாவின் விரலா போயிற்று? இப்போதும் எழுதும்போது எனக்குக் கொதிக்கிறது. இதனால்தான் அவரைப் பற்றி எழுதாதே என்றேன். எழுத வைத்துவிட்டாய்.

உன்னிடம் அகராதி இருக்கிறது. இறந்த காலம் எப்படி என்று சொல்லிவிட்டேன். நீயே படி. படித்தது உன் பிழை, புரிந்துகொள்வது உன் பொறுப்பு. நகலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் என்று சொன்னாயே, தேதி இருக்கிறதா என்று மட்டும் பார்.


மார்ச் 5

அக்காவுக்கு,

உறுதிமொழி, தொழில், வழக்கம்! பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நான் தினமும் சொல்கிறேன், எனக்கு என்ன குறைந்துவிட்டது?

நானே படித்தேன். ஆறு ராத்திரி ஆயிற்று. அகராதியைக் கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் கால் மரத்துப்போய், எழுந்திருக்கும்போது வாளியில் இடித்து, அப்பா "யாரது?" என்று கத்தி, நான் பூனை மாதிரி கத்தலாமா என்று யோசித்து, கடைசியில் "நான்தான்ப்பா, தண்ணி" என்றேன். ஒரு பத்தியை முழுக்கத் தப்பாகப் புரிந்துகொண்டு, உயரக்காரர் அப்பாவின் விரலை வெட்டப்போவதாக ஒரு நாள் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளியில் மூக்கில் ரத்தம் வந்துவிட்டது.

இப்போது முழுதும் தெரியும். கேள்.

உயரக்காரருக்கு வேறு ஊரில், அவர் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில், ஒரு பெட்டித் தொழிற்சாலையில் வேலை தருகிறார்களாம். இயந்திரத்தில் கை வைக்கும் வேலை இல்லை. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. வெட்டும் இயந்திரத்தில் ஆறு வருடம் வேலை பார்த்ததற்குச் சான்றிதழ் வேண்டும். ஏப்ரல் 2-க்குள், ஸ்பானிஷில், கையெழுத்தும் முத்திரையுமாக. அப்பாவின் தொழிற்சாலை அலுவலகத்துக்கு இரண்டு தடவை எழுதினாராம், பதில் இல்லை. "அங்கே என்னைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்" என்கிறார்.

அவ்வளவுதான், அக்கா. ஒரு சான்றிதழ்! அதற்கு நான் ஒரு மாதமாகச் செத்துப் பிழைத்தேன். அப்பா ஒரு மாதமாகத் தூங்கவில்லை. "இதுல என்ன எழுதிருக்கு?" என்று இந்த ஊரில் ஒரு ஆளிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை!

நடுவில் ஒரு பத்தி இருக்கிறது. அதை மட்டும் எழுதுகிறேன். "தினமும் நீங்கள் தடுப்பைக் கழற்றி வைப்பீர்கள், ஆபத்து என்று நான் சொல்வேன், நீங்கள் சிரிப்பீர்கள். விபத்து நடந்த அன்றைக்கு நீங்கள் வரத் தாமதமாயிற்று. அதனால் நானே கழற்றினேன். விசாரணையில் இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சண்டைக்கு எழுதவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது." நீ சொன்ன இரண்டு வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதல் தடவையாக எனக்குத் தடுமாற்றமே வரவில்லை.

நான் இதை அப்பாவிடம் சொல்ல முடியாது. சொன்னால் நான் ஸ்பானிஷ் படிப்பது தெரியும், கண்ணாடிக் கூட்டைத் திறந்தது தெரியும், உனக்கு எழுதுவது தெரியும். ஒரே வாயில் மூன்று. அடுத்த நாள் நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். நீ அலுவலகத்துக்கு எழுது. இல்லை, உயரக்காரருக்கு எழுது. ஏதாவது செய்.

எலி


மார்ச் 10

எலிக்கு,

உன் மொழிபெயர்ப்பைப் படித்தேன். நன்றாக இருக்கிறது. படித்திருக்கக் கூடாது, படித்துவிட்டேன். இரண்டு முறை.

நான் அலுவலகத்துக்கு எழுதினால் குப்பைக் கூடைக்குப் போகும். அவர்கள் கண்ணில் நான் தகப்பனைக் காட்டிக்கொடுத்த பெண். உயரக்காரருக்கு நான் என்ன எழுதுவது? உங்கள் கடிதம் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றா? உள்ளே போய்க் கேட்கக்கூடியவர் ஒருவர்தான். அவர் அந்தக் கேட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

சான்றிதழ் தொழிற்சாலையின் காகிதம். அதை மொழிபெயர்த்து முத்திரை வைக்க எனக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் மார்ச் 22-க்குள் என் கையில் இருக்க வேண்டும்.

நீதான் சொல்ல வேண்டும். உன்னை மாட்டிவிடுகிறேன் என்று தெரிகிறது. பயம் என்று சொல்லச் சொன்னாயே, சொல்கிறேன். பயம்தான். எட்டு மாதத்தில் நான்கு தடவை வீட்டு எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன்னே வைத்திருக்கிறேன்.

எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்லித் தருகிறேன். உட்கார்ந்து படி, நிற்காதே. 'அவர் சொல்கிறார்' என்று சொல்லாதே, அவராகவே படி. அப்பா முகத்தைப் பார்க்காதே, தாளைப் பார். அவர் கத்தினால் வாக்கியம் முடிந்த பிறகு நிறுத்து, நடுவில் நிறுத்தாதே. நீயாக எதையும் சேர்க்காதே, சமாதானம் சொல்லாதே.

பள்ளியை விட்டு நிறுத்தினால் எனக்குத் தந்தி மாதிரி ஒரு வரி எழுது. அடுத்த ரயிலில் வந்து வாசலில் நிற்கிறேன். அவர் எந்த வாசலை மூடுகிறார் என்று பார்க்கலாம்.

அக்கா


மார்ச் 18

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொன்னேன். அம்மா வீட்டில் இருக்கும்போதுதான் சொன்னேன், எதற்கும் ஒரு ஆள் இருக்கட்டும் என்று.

"அப்பா, உயரக்காரர் லெட்டர்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றேன். நான்கு நாள் ஒத்திகை பார்த்த முன்னுரை எல்லாம் போய், இது மட்டும் வாயில் வந்தது.

அப்பா டிவியை அணைத்தார். "யார் சொன்னது?"

"நானே படிச்சேன். ஸ்பானிஷ் படிக்கிறேன்ப்பா. புவியியல் இல்ல."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"டீச்சர்." அப்புறம், "அக்காவும்."

அம்மா கையில் இருந்த துணியை மடித்து, பிரித்து, திரும்ப மடித்தார். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நீ சொன்னபடி செய்திருப்பேன். அவர் எழுந்து போய்க் கண்ணாடிக் கூட்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். "படி" என்றார்.

உயரக்காரராகவே, தமிழில் படித்தேன். என் குரல் பூச்சி மாதிரி இருந்தது. "தினமும் நீங்கள் தடுப்பைக் கழற்றி வைப்பீர்கள், ஆபத்து என்று நான் சொல்வேன், நீங்கள் சிரிப்பீர்கள்" என்ற இடத்தில், "நீ எப்போடீ என்கிட்ட சொன்ன?" என்றார். "நான் இல்லப்பா, அவர். படிக்கிறவங்க அப்படித்தான் படிக்கணும். அதான் முறை" என்றேன். நீயாக எதையும் சேர்க்காதே என்றாய். சேர்த்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

அப்பா கண்ணாடிக் கூட்டை ஒரு தடவை மூடித் திறந்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "அன்னைக்கு அவளும் இப்படித்தான் உக்காந்திருந்தா. தாளைப் பாத்துக்கிட்டு" என்றார். அம்மா, "எனக்குத் தெரியும்" என்றார். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "எட்டு மாசமா நீங்க ராத்திரி தூக்கத்துல அதைத்தானே சொல்றீங்க" என்றார் அம்மா.

'அன்றைக்கு நானே கழற்றினேன்' என்ற வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். மூன்று தடவை படித்தேன். 'அப்போ என் மேல தப்பு இல்ல' என்று சொல்வார் என்று நினைத்தேன். அம்மாவும் அதைத்தான் நினைத்தார் போல, "அப்படின்னா அன்னைக்கு நீங்க இல்லையே" என்றார். அப்பா கோபமாக, "அவனுக்கு யார் பழக்கிவிட்டது?" என்றார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் மேலாளர் இல்லையாம். செவ்வாய்க்கிழமை கேட் காவலர் சட்டையோடு மேலாளர் அறைக்கு வெளியே பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்திருக்கிறார். மேற்பார்வையாளராக இருந்தபோது அவரிடம் கைகட்டி நின்றவர்கள் எல்லாம் குறுக்கே போய் வந்திருக்கிறார்கள். எங்களிடம் நாலே வாக்கியத்தில் சொன்னார்: "யாருக்குன்னு கேட்டான். சொன்னேன். உனக்கு என்னய்யா அக்கறைன்னு கேட்டான். தினமும் தடுப்பைக் கழட்டி வெச்சது நான்தான், அதான் அக்கறைன்னு சொன்னேன்." இதை விசாரணையில் சொல்லாதவர், அக்கா. மேலாளர் அறையில், கதவு திறந்திருக்கும்போது சொல்லியிருக்கிறார். கேட் வேலையும் போய்விடுமோ என்று அம்மாவுக்குப் பயம். எனக்கும்தான். ஆனால் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள்.

பள்ளியைப் பற்றி நானே கேட்கவில்லை. இன்று காலையில் அவரே ஆரம்பித்தார்.

"அந்தப் பாடத்துல எவ்வளவு மார்க்?"

"போன தடவை பத்துக்கு அஞ்சு."

"திருட்டுத்தனமா ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சும் அஞ்சா?" என்று அவருக்கு வந்த எரிச்சலைப் பார்க்க வேண்டுமே. ஒளித்துப் படித்ததற்குக்கூட இவ்வளவு கோபப்படவில்லை. பிறகு, பள்ளிக்கு நேரமாயிற்று, கிளம்பு என்றார். கிளம்பினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கப்போவதில்லை.

சான்றிதழ் இந்த உறையிலேயே இருக்கிறது. பத்திரமாகப் பிரி. உறையின் மேல் அப்பாவே எழுதுகிறேன் என்றார். பேனாவைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் என்ன எழுதினார் என்று நீயே பார்த்திருப்பாய்: 'உயர்திரு மொழிபெயர்ப்பாளர் அவர்களுக்கு'. "என்னப்பா இது, அக்காவுக்குத்தானே?" என்றேன். "எல்லாம் அவளுக்குத் தெரியும், போ" என்றார். வேறு உறை தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று எச்சில் தொட்டு ஒட்டிவிட்டார்.

நீ பதிலுக்கு 'உயர்திரு முன்னாள் மேற்பார்வையாளர்' என்று எழுதிக் கூத்தடிக்காதே. எனக்கு உங்கள் இருவருக்கும் நடுவில் ஓடி ஓடி அலுத்துவிட்டது. தையல் கடை வேண்டாம், வீட்டு முகவரிக்கே அனுப்பு. உறையின் மேல் 'அப்பா' என்று எழுது.

எலி